லாலாகுடாவில் பெய்த சென்னை மழை

ஒரு வருஷம் முழுக்க, ஹைதராபாத் லாலாகுடாவை விட்டு ஓர் அடி நகராமல், நான் சென்னையில் குடியிருந்தேன். பெரம்பூரில் சித்தி வீட்டு மாடி என்பது என் விலாசம். அந்த மாடியில் எத்தனை ஜன்னல் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே எந்த மாதம் எந்தத் திசையிலிருந்து காற்று வரும், மழை சாய்வாக விழுமா நேராக விழுமா என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பொய் சொல்வதற்காகப் படித்த அளவுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் இந்நேரம் ஏதாவது வானிலை ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. கம்பெனி சென்னையில். எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்த நாட்களில் சேர்ந்தேன். எந்த வீடு, எந்த ஊர் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் டெக்னீஷியன். ரயில் பெட்டிகளுக்கு பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறவர். எங்களுக்குக் கொடுத்திருக்கிற குவார்ட்டர்ஸிலிருந்து ஒர்க்ஷாப் கேட்டுக்கு சைக்கிளில் ஏழு நிமிஷம். அவருடைய தாத்தா ஜோலார்பேட்டையிலிருந்து வந்தவர், என்னுடைய தாத்தா அரக்கோணத்திலிருந்து. இரண்டு பேருமே வெள்ளைக்காரன் காலத்தில் இதே ஒர்க்ஷாப்பில் சம்மட்டி அடித்தவர்கள்.

ஜனவரியில் ஒரு மெயில் வந்தது. எங்கள் புராஜெக்டில் இருக்கும் எல்லாரும் சென்னையில்தான் வசிக்க வேண்டும். இது வெளிநாட்டு கிளையண்டின் நிபந்தனை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மேனேஜர் தன் ஆட்கள் சென்னையில் இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வெளியூரில் இருப்பது தெரிந்தால் அன்றோடு வேலை முடிந்தது.

வேலையை விடலாம். அல்லது நான் சென்னைக்குப் போய் ஏதாவது ஹாஸ்டலில் இருக்கலாம், அவர் இங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிடலாம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆன பிறகும் எனக்கு அந்த மனுஷனோடு ஒரே வீட்டில் இருக்கப் பிடித்திருந்தது. இதை அவரிடம் சொன்னதில்லை, சொன்னால் தலைக்கேறிவிடும். வேலையும் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டில் எதையும் விட மனசில்லாமல் மெயிலை அவரிடம் காட்டினேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். "கேமராவுல இன்னா தெரியும்?" என்று கேட்டார்.

"என் முகம். பின்னாடி சுவரு."

"அப்புறம் கைக்கு டென்ஷன்? சுவருக்கு ஊரு கீதா?"

'கைக்கு' என்றால் 'எதற்கு'; அவர் தமிழில் ஹைதராபாத் உருது கலந்தே வரும். சுவருக்கு ஊர் இல்லைதான். ஆனால் வானத்துக்கு இருக்கிறது. அதை நாங்கள் அப்போது யோசிக்கவில்லை.

எங்கள் கிளையண்ட் நைரோபியில் இருக்கிற ஓர் அம்மாள். பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் ஊர். அவருடைய நிறுவனம் தேயிலைத் தோட்டங்களுக்குக் காப்பீடு கொடுக்கிறது. மழை பொய்த்தால் விவசாயிக்கு நஷ்டஈடு. அதனால் மற்றவர்களுக்கு ஊர்ப் பேச்சாக இருக்கிற மழையும் வெயிலும் அவருக்குத் தொழில். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, அங்கே மதியம் இரண்டரைக்கு, மீட்டிங் ஆரம்பிக்கும். முதலில் வருகைப் பதிவு எடுப்பதுபோல் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, உங்கள் பக்கம் வானம் எப்படி என்று கேட்பார். சும்மா "நன்றாக இருக்கிறது" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. காற்று உண்டா, எந்தப் பக்கத்திலிருந்து, மேகம் கறுப்பா வெள்ளையா என்று அடுத்த கேள்வி வரும்.

ஜனவரி, பிப்ரவரி சமாளித்தேன். இங்கே காலை நேரக் குளிரில் பல் அடித்துக்கொள்ளும். காலை எட்டு மணிக்கு எங்கள் குழுவுக்கு மட்டும் ஒரு சின்ன மீட்டிங் உண்டு. சென்னைக்காரியாக நான் பருத்திப் புடவையில், ஃபேன் சுற்ற, கேமரா முன்னால் உட்கார்ந்தேன். மேஜைக்குக் கீழே கால் இரண்டும் வீட்டுக்காரருடைய கம்பளி ஸ்வெட்டருக்குள் இருந்தன. மார்ச்சிலிருந்து மே வரை கவலையில்லை. இரண்டு ஊரிலும் ஒரே வெயில், நாக்கு வறண்டதை நடிக்கவே தேவையில்லை.

அந்த மாதங்களில் நைரோபியில் மழைக்காலம். வருஷத்துக்கு இரண்டு மழை என்பார் அந்த அம்மாள். சூரியன் எங்கள் தலையைத் தாண்டி வடக்கே போகும்போது ஒன்று, தெற்கே திரும்பும்போது ஒன்று. ரேகையின் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் காற்றுகள் சந்திக்கிற இடத்தில் மழை பெய்யும், அந்த இடம் சூரியன் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி போகும் என்று விளக்குவார். மே கடைசியில் ஒரு நாள், "எங்கள் மழை முடிந்தது, காற்றை உங்களுக்கு அனுப்பிவிட்டேன்" என்றார். தெற்கிலிருந்து வருகிற காற்று ரேகையைத் தாண்டி, ஆப்பிரிக்கக் கரையோரமாகப் போய், வலது கைப் பக்கம் திரும்பி, கடல் தாண்டி இந்தியாவுக்கு வருமாம். பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சிரித்தார். எனக்கு ஏதோ பார்சல் வரப்போவது மாதிரி ஆசையாக இருந்தது.

பார்சல் ஜூன் இரண்டாம் வாரம் வந்தது. அன்று மத்தியானம் நாலு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்து அடித்த மழையில் எங்கள் தெருவே குளித்தது. மண் வாசனை, குளிர்ந்த காற்று, எதிர்வீட்டில் யாரோ மிளகாய் பஜ்ஜி போடுகிற வாசனை. ஐந்து மணிக்கு நைரோபி அம்மாள் என்னைக் கூப்பிட்டு வானம் எப்படி என்றார். நான் வாயெல்லாம் பல்லாக, உங்கள் காற்று வந்துவிட்டது, பிரமாதமான மழை, ஊரே குளிர்ந்துவிட்டது என்று கொட்டிவிட்டேன்.

உடனே வேளச்சேரியில் நிஜமாகவே வசிக்கும் எங்கள் குழுப் பெண்ணின் குரல் வந்தது. "அக்கா, மழையா? இங்க உடம்பு வேகுது. நீங்க எங்க இருக்கீங்க?"

ஜூன் மாதம் மழை பெய்யும் என்பது எங்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை. பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் ரெயின்கோட் வாங்குகிறவர்கள் நாங்கள். மூன்று தலைமுறையாகத் தமிழ் பேசி, பொங்கல் வைத்து, ஆடியில் கூழ் ஊற்றி, எல்லாவற்றையும் ஊரிலிருந்து கொண்டுவந்த எங்கள் ஆட்கள் மழையை மட்டும் கொண்டுவரவில்லை. அதை இங்கேயே வாங்கிக்கொண்டார்கள். சென்னைக்கு மழை ஐப்பசியில்தான் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். உடம்புக்கு அது தெரியவில்லை.

"பெரம்பூர்ல மட்டும்" என்றேன்.

"பெரம்பூர்ல மட்டுமா?"

அப்போதுதான் எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வந்தது. எங்கள் மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெரம்பூர் பக்கம் அப்படித்தான். அப்பப்போ தனியா பெய்யும். நோட் பண்ணிக்கோங்க" என்றார். தாம்பரத்தில் இருப்பவர், கேமராவை எப்போதும் அணைத்தே வைத்திருப்பவர், எதைச் சொன்னாலும் நோட் பண்ணிக்கச் சொல்பவர். அந்த மனிதருக்குப் பெரம்பூர் வானத்தில் இவ்வளவு ஞானமா என்று ஆச்சரியப்பட்டேன். நைரோபி அம்மாள், என் காற்று பத்திரமாக வந்து சேர்ந்ததில் சந்தோஷம் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்றைக்கே என் வீட்டுக்காரர் ஓர் அட்டவணை தயாரித்தார். காலண்டரின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பீரோ கதவில் காந்தத்தால் ஒட்டினார். ஜூன் முதல் செப்டம்பர் வரை: இங்க மழ, அங்க வெயில், வாய மூடு. அக்டோபர்: ரெண்டு எடத்துலயும் கலந்து, யோசிச்சுப் பேசு. நவம்பர், டிசம்பர்: அங்க வெள்ளம், இங்க வெயில், நனைஞ்சுக்கோ. ஒர்க்ஷாப்பில் பெட்டிக்குப் பெட்டி ஒட்டும் சீட்டு மாதிரியே கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.

வாயை மூடுவது முடிந்தது. கூரையை மூட முடியவில்லை. வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் பின்பக்கத்து அறை. அது நாங்களே தடுத்துக்கொண்டது, மேலே சிமெண்ட் ஷீட். மழை விழுந்தால் கடலை வறுக்கிற சத்தம் கேட்கும். பருவக்காற்று வேறு எங்கள் மீட்டிங் நேரத்தைத் தெரிந்துவைத்திருந்த மாதிரி, பகலெல்லாம் புழுங்கவிட்டு ஐந்து மணிக்குமேல்தான் மழையை இறக்கும். மைக்கை அணைத்துவிட்டாலும் பேசும்போது திறக்க வேண்டுமே. மிக்ஸி ஓடுகிறது என்று சொல்லிவந்தேன்.

"தினம் சாயங்காலம் மிக்ஸியா அக்கா?" என்றாள் வேளச்சேரிப் பெண்.

"சித்திக்குச் சட்னி இல்லாம டிபன் இறங்காது" என்றேன். பாவம் சித்தி, அவர் சாயங்காலம் இரண்டு பிஸ்கட்டுக்குமேல் எதுவும் சாப்பிடுவதில்லை.

சத்தம் எனக்கு மட்டும் வரவில்லை. மேனேஜர் பக்கத்திலிருந்தும் சில நாள் 'சோ'வென்று இரைச்சல் வரும். "சாரி, அப்பார்ட்மெண்ட்ல தண்ணி டேங்க் நிரம்பி வழியுது" என்பார். தாம்பரத்தில் தண்ணீர்க் கஷ்டம் என்கிறார்களே, இந்த ஆளுக்கு மட்டும் டேங்க் வழிந்துகொண்டே இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன். அதற்குமேல் என் மூளை ஓடவில்லை.

ஓடியது என் வீட்டுக்காரருடையது. நாலரைக்கு ஒர்க்ஷாப் சைரன் ஊதி, வீட்டுக்கு வந்ததும் டீயை எடுத்துக்கொண்டு கேமராவுக்கு எட்டாத மூலையில் கட்டிலில் உட்கார்ந்து எங்கள் மீட்டிங்கைக் கேட்பது அவருக்குப் பொழுதுபோக்கு. ஆகஸ்டு மாதம் ஒரு நாள் மீட்டிங் முடிந்ததும் பென்சிலால் நேரம் குறித்த காகிதம் ஒன்றை நீட்டினார்.

"இந்தா, உங்க மேனேஜர் டேங்கு வழிஞ்சா அரை மணில நம்ம ஷீட்டுல மழ. ஏழு தபா பாத்துட்டேன்."

"தாம்பரத்துல டேங்க் வழிஞ்சா லாலாகுடாவுல எப்படி மழை பெய்யும்?"

"தாம்பரம் நக்கோ, அத்த உடு. இப்ப இன்னா காத்து? மேக்கத்திக் காத்து. மேகம் மேக்கால இருந்து வருது. அவரைத் தாண்டிட்டு அரை மணி கழிச்சு நம்மகிட்ட வருது. அரை மணில எம்மா தூரம் வரும்? நம்மூரு மாதாப்பூரு. மிஞ்சிப்போனா கொண்டாப்பூரு."

நான் காகிதத்தைப் பார்த்தேன். ஐந்து பத்துக்கு டேங்க், ஐந்து நாற்பதுக்கு ஷீட். ஐந்து ஐந்துக்கு டேங்க், ஐந்து முப்பத்தாறுக்கு ஷீட். ஜூன் மாதத்தில் பெரம்பூர் மழைக்கு அந்த ஆள் ஏன் வக்காலத்து வாங்கினார் என்பது அப்போதுதான் புரிந்தது. அன்று அவர் தலைமேலும் அதே மழைதான் கொட்டியிருக்கிறது. நான் சென்னையில் இருப்பதாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கையெழுத்துப் போடுகிற மனிதர், எனக்குப் பதினெட்டு கிலோமீட்டர் மேற்கே உட்கார்ந்துகொண்டு போட்டிருக்கிறார். கட்டிலில் விழுந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்தே இந்த வாய்த் துடுக்கு எனக்கு உண்டு. ஐந்து மணிக்கு முன்னால் மொட்டைமாடிக்குப் போய் மேற்கே பார்ப்பேன். மாதாப்பூர் பக்கம் கறுத்திருந்தால் மீட்டிங்கில் பவ்யமாகக் கேட்பேன். "சார், டேங்க் வழியறதுக்குள்ள இந்த ரிப்போர்ட்டை முடிச்சிடலாமா?"

"டேங்கா? இன்னைக்கு அதெல்லாம் இல்ல" என்பார் அவர். ஐந்தாவது நிமிஷம் இரைச்சல் ஆரம்பிக்கும். அவர் பேச்சு பாதியில் நிற்கும். என் வீட்டுக்காரர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். இப்படி மூன்று நாலு தடவை செய்தேன். ஒரு தடவை, வாட்ச்மேனிடம் சொல்லி வால்வை மாற்றச் சொல்லுங்கள் சார் என்று ஆலோசனை கூடக் கொடுத்தேன். ரொம்ப நன்றி, நோட் பண்ணிக்கிறேன் என்றார்.

காற்று எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வீசாது என்பதை நான் மறந்துவிட்டேன். அட்டவணையில் அக்டோபருக்கு நேராக, யோசிச்சுப் பேசு என்று இருந்ததைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சூரியன் தெற்கே திரும்பிவிட்டது, மழை இனி எங்கள் பக்கம் வருகிறது, உங்களுக்குக் காற்று கிழக்கே மாறும் என்று நைரோபி அம்மாளும் சொன்னார். அது சென்னையைப் பற்றிய தகவல் என்று நினைத்தேனே தவிர, லாலாகுடாவுக்கும் மாதாப்பூருக்கும் நடுவில் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை.

அக்டோபர் நடுவில் ஒரு சாயங்காலம் என் ஷீட்டில் முதலில் மழை விழுந்தது. மிக்ஸி என்றேன். சரியாக அரை மணி கழித்து மேனேஜருடைய டேங்க் வழிந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் முதலில் மிக்ஸி, பிறகு டேங்க். அன்று மீட்டிங் முடிந்ததும் அவரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது.

"உங்க வீட்டுல மிக்ஸி ஓடினா அரை மணில எங்க டேங்க் வழியுது. கவனிச்சீங்களா மேடம்?"

அடுத்த வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்னைக் காட்டிக்கொடுத்தால் என் வேலை போகும், இல்லாவிட்டால் ஹாஸ்டல். அவரும் மாதாப்பூரில்தான் இருக்கிறார் என்பதற்கு என்னிடம் இருந்ததெல்லாம் பென்சில் காகிதம் ஒன்றுதான். டேங்க் வழியும் நேரத்தை ஆதாரமாகக் கொடுத்தால் யார் நம்புவார்கள். வீட்டுக்காரர் டீயைக் குடித்தபடி, "நீயும் கேளு" என்றார். தட்டினேன்.

"கவனிச்சேன் சார். ஆகஸ்டுல உங்க டேங்க் வழிஞ்ச அரை மணில எங்க மிக்ஸி ஓடிச்சு."

பத்து நிமிஷம் பதில் வரவில்லை. அந்தப் பத்து நிமிஷத்தில் ஹாஸ்டல் அறையில் கட்டில் எந்தப் பக்கம் இருக்கும் என்பதுவரை கற்பனை செய்துவிட்டேன். பிறகு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அந்த வெள்ளிக்கிழமை அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று தெரிந்தது. ஆனாலும் நிம்மதி வரவில்லை, ஒருத்தர் குடுமி மற்றவர் கையில் என்றுதான் இருந்தது. டேங்க் கிண்டலை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

நவம்பரில் சென்னையில் நான்கு நாள் விடாமல் கொட்டியது. வேளச்சேரிப் பெண்ணின் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். நான் கேமரா முன்னால் வருவதற்கு முன் துணி தேய்க்கும் ஸ்பிரேயால் தலையை நனைத்துக்கொண்டு, பின்னால் ஈரக் குடையை விரித்து வைத்தேன். வெளியே பளபளவென்று வெயில். ஜன்னல் மேற்குப் பார்த்தது, ஐந்து மணிச் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். கனமான திரை போட்டு மறைத்திருந்தேன்.

நான்காம் நாள் மீட்டிங்கில் எங்கள் ஹெச்ஆர் மேடம் நுழைந்தார். எல்லாரும் பத்திரமாக இருக்கிறார்களா என்று நேரில் பார்க்க வேண்டும், ஒவ்வொருவராக ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டுங்கள், யாருக்கு உதவி தேவையோ அனுப்புகிறோம் என்றார். அக்கறை பாதி, சந்தேகம் பாதி என்று குரலிலேயே தெரிந்தது. நைரோபி அம்மாளும் லைனில் இருந்தார். முதலில் வேளச்சேரி. சாம்பல் நிற வானம், மிதக்கிற பிளாஸ்டிக் வாளி. நான் திரும்பிப் பார்த்தேன். கட்டில் காலியாக இருந்தது. டீ டம்ளர் மட்டும் இருந்தது.

"அடுத்து பெரம்பூர்" என்றார் ஹெச்ஆர் மேடம்.

திரை சிக்கிக்கொண்டது, கம்பி வளைந்திருக்கிறது என்று ஒரு நிமிஷம் இழுத்தேன். அப்போது தலைக்குமேல் ஷீட்டில் காலடிச் சத்தம். உடனே ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் விழ ஆரம்பித்தது. அந்த மனுஷன் தோட்டத்து ரப்பர் பைப்பை எடுத்துக்கொண்டு கூரைக்கு ஏறிவிட்டார். வேறு வழியில்லை, திரையை விலக்கினேன்.

நான் பார்த்த மழையிலேயே அழகான மழை அதுதான். ஒவ்வொரு துளியும் தங்கமாக மின்னியது. அதற்குப் பின்னால் சூரியன் நின்று பல்லிளித்துக்கொண்டிருந்தது. காம்பவுண்டு சுவரில் ஒரு காக்கா சொட்டு நனையாமல் உட்கார்ந்து இறக்கை கோதியது. போதாததற்கு எதிர்வீட்டு அம்மாள், டேங்க் தண்ணியை எல்லாம் வீணாக்குகிறீர்களே என்று தெலுங்கில் சத்தம் போட்டார். "ஏமண்டீ, டாங்க்கு நீள்ளு அன்னீ வேஸ்ட் சேஸ்துன்னாரு."

"யாரு அது தெலுங்கு?" என்றார் ஹெச்ஆர் மேடம்.

"பெரம்பூர்ல தெலுங்குக்காரங்க நிறைய மேடம்."

"வெயில் அடிக்குதே?"

மேனேஜர் குரல் வந்தது. "பெரம்பூர் பக்கம் அப்படித்தான் மேடம். வெயிலும் மழையும் சேர்ந்தே வரும்."

"அப்ப உங்க பக்கத்தைக் காட்டுங்க."

"காட்டறேன் மேடம், ஒரு நிமி..." என்றதோடு அவர் லைன் அறுந்தது. வெள்ள நாளில் தாம்பரத்தில் கரண்ட் போவது சகஜம். ஆனால் ஹெச்ஆர் மேடம் அவ்வளவு எளிதாக விடுகிறவர் இல்லை. இரண்டு விலாசத்துக்கும் நாளைக்கு ஆள் அனுப்புகிறேன் என்றார். சித்தி பொய் சொல்லத் தெரியாதவர். வந்த ஆளுக்குக் காபி கொடுத்து, அவள் ஹைதராபாத்தில் அல்லவா இருக்கிறாள் என்று விலாவாரியாகச் சொல்லிவிடுவார். மேலே என் வீட்டுக்காரர் இன்னும் சிரத்தையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அப்போது நைரோபி அம்மாள் பேசினார். தான் பார்த்தவரை எல்லாரும் பத்திரமாக இருக்கிறார்கள். யாரையும் இந்த மழையில் அலைக்கழிக்க வேண்டாம். தனக்கு முழுத் திருப்தி, வேலையைத் தொடங்கலாமா என்றார். கிளையண்டே திருப்தி என்று சொன்னபிறகு ஹெச்ஆர் மேடத்துக்கு வேறு பேச்சில்லை. நான் ஜன்னலை மூடினேன். அடுத்த நொடி கம்ப்யூட்டர் திரையின் மூலையில் எனக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"கூரையில் இருப்பவரிடம் பைப்பை ஆட்டச் சொல்லுங்கள். மழை ஒரே கோடாக விழாது. ஜூனில் என் காற்று எந்த ஊரை நனைக்கும் என்று எனக்குத் தெரியும். அது சென்னை இல்லை."

வீட்டுக்காரர் சொட்டச் சொட்ட நனைந்து இறங்கி வந்தார். ஜெயித்த முகம். செய்தியைப் படித்துக் காட்டினேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "பைப்ப ஆட்டறதா? மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?" என்று முணுமுணுத்தபடி துண்டால் தலையைத் துவட்டினார். நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் புடவையும் நனைந்தது. ஐந்து மாதமாக ஓர் அம்மாள் எல்லாம் தெரிந்தும் தினமும் வானம் எப்படி என்று கேட்டு, நான் சொன்ன பொய்யை எல்லாம் பொறுமையாகக் கேட்டிருக்கிறார்.

பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. மேனேஜர். மீட்டிங்குக்கு வெளியே அவர் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை.

"மேடம், அந்தப் பைப் எவ்ளோ நீளம்?"

"ஏன் சார்?"

"நான் பதினோராவது மாடி. இன்னொரு தடவை கேட்டாங்கன்னா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் ஒய்ஃபுக்கு இங்கதான் வேலை. ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இருக்கணும்னு பார்த்தோம், அவ்ளோதான்" என்றார். எனக்கு அவர் மேல் இருந்த பயமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது.

ஜனவரியில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். நைரோபி அம்மாள் ஒரே ஒரு வரியை அடிக்கச் சொன்னார். எல்லாரும் ஒரே ஊரில் இருக்க வேண்டும் என்ற வரி. அதைத் தான் கேட்டதே இல்லை, யாரோ அச்சடித்த படிவத்தில் இருந்தது என்று எழுதியிருந்தார். மறுநாள் ஐந்து மணிக்கு என்னைக் கூப்பிட்டு வானம் எப்படி என்றார். லாலாகுடாவில் நல்ல வெயில், லேசான குளிர்காற்று என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு வருஷப் பழக்கத்தில் பெரம்பூர் என்று வந்துவிட்டது. திருத்திச் சொன்னேன். மேனேஜர் மாதாப்பூரில் வெயில் என்றார். அடுத்து வேளச்சேரிப் பெண்ணின் முறை. "அப்ப அந்தச் சட்னி?" என்று கேட்டாள்.

இப்போது மறுபடியும் ஜூன். நேற்று மத்தியானம் நாலு மணிக்கு மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது. "இங்க ஆரம்பிச்சாச்சு. நோட் பண்ணிக்கோங்க." அக்டோபர் வந்தால் நான் அவருக்கு அனுப்புவேன். கொடியிலிருந்த துணியை எடுத்து உள்ளே போட்டேன். மொட்டைமாடியில் மேற்கே ஒரே கறுப்பு. என் வீட்டுக்காரர் காலையில் குடை எடுத்துப் போகவில்லை. மீட்டிங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. இரண்டு குடைகளை எடுத்துக்கொண்டு நாலரை மணி சைரனுக்கு முன்னால் ஒர்க்ஷாப் கேட்டில் போய் நின்றேன்.